ட்ரிக்கி கேள்வி தந்திரமான கேள்வியா? – ஒரு சப்டைட்டில் தகராறு

தாழ்வாரம் | செவ்வாய், காலை 9.40

நேற்று ராத்திரி ஒரு ஃபைல் திரும்பி வந்துவிட்டது. அந்த எரிச்சலோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சப்டைட்டில் வேலை. பிரிட்டிஷ் பெண் விஞ்ஞானி ஒருவரின் பேட்டி. இன்னும் ஐம்பது வருஷத்தில் இந்தக் கடற்கரை இருக்குமா என்று கேட்கிறார்கள். அந்தம்மா மேலே பார்க்கிறார், பல்லிடுக்கில் மூச்சை உறிஞ்சுகிறார், பிறகு 'தட்ஸ் எ ட்ரிக்கி கொஸ்டின்' என்கிறார். நான் 'இது தந்திரமான கேள்வி' என்று போட்டேன். சரிபார்க்கிறவர் சிவப்பில் ஒரே வரி எழுதி அனுப்பியிருக்கிறார்: 'இவங்க ஏன் பேட்டி எடுக்கிறவரைத் திட்டுறாங்க?'

முதலில் கோபம் வந்தது. ஆங்கிலத்தை மூடிவிட்டுத் தமிழை மட்டும் படித்துப் பார்த்தேன். நிஜமாகவே திட்டுகிற மாதிரிதான் இருந்தது.

இப்போது என் சங்கடம் அந்த ஒரு வரியோடு நிற்கவில்லை. ஹார்ட், டஃப், ட்ரிக்கி, தார்னி, நாட்டி, வெக்ஸ்ட், ஹெவி, சீரியஸ்... இத்தனை விதமாகச் சொல்கிறார்கள். அகராதியைத் திறந்தால் பாதிக்குக் 'கடினமான', மீதிக்குச் 'சிக்கலான'. வரி திரையில் ஒன்றரை நொடிதான் நிற்கும். மூன்று சொல்லுக்கு மேல் போடவும் முடியாது. இந்தச் சொற்களை அவர்கள் எங்கே, எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சுண்டெலி | செவ்வாய், காலை 9.52

அக்கா, 'கஷ்டமான கேள்வி'ன்னு போட்டுட்டுப் போயிட்டே இருங்க. படம் பாக்கிறவன் மூஞ்சியப் பாப்பானா, கீழ ஓடுற எழுத்தப் பாப்பானா?


செவிலி_லெஸ்டர் | செவ்வாய், பகல் 12.15

சுண்டெலி தம்பி, எழுத்தையும் பார்ப்பாங்க. தப்பா இருந்தா அதை மட்டும்தான் பார்ப்பாங்க.

தாழ்வாரம், 'ட்ரிக் கொஸ்டின்' வேற, 'ட்ரிக்கி கொஸ்டின்' வேற. முதலாவதுல கேட்டவர் பொறி வெச்சிருக்கார். ரெண்டாவதுல யாரும் எதுவும் வைக்கல. கேள்வியே இடக்கானது, அவ்வளவுதான். எங்க வார்டுல மருந்து அலமாரிப் பூட்டு ஒண்ணு இருக்கு. சாவியக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு இடப்பக்கம் சாய்ச்சாத்தான் திறக்கும். புதுசா வர்ற நர்ஸுக்கு 'இட்ஸ் எ பிட் ட்ரிக்கி'ன்னு சொல்லிக் குடுப்போம். பூட்டுக்கு எந்தத் தந்திரமும் தெரியாது!

ஆனா இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகம் இருக்கு, அதுதான் ஆபத்து. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு தமிழ்ப் பெரியவர் எங்க வார்டுல இருந்தார். அவர் மகன் கன்சல்டன்ட்கிட்ட, 'தீபாவளிக்கு அப்பாவ ஊருக்குக் கூட்டிட்டுப் போகலாமா?'ன்னு கேட்டார். டாக்டர் எழுதிட்டிருந்த பேனாவ மூடி, பாக்கெட்டுல சொருகிட்டு, 'ம்ம்... தட்ஸ் எ பிட் ட்ரிக்கி' அப்படின்னார். மகன் என் பக்கம் திரும்பித் தமிழ்ல, 'கொஞ்சம் இழுபறிதானாம், பாத்துக்கலாம்கிறார்'ன்னு சந்தோஷமாச் சொன்னார். நான் பேனாவத்தான் பாத்துட்டிருந்தேன். அந்த டாக்டர் பேனாவ மூடினா செய்தி நல்லதில்லன்னு வார்டுல எல்லாருக்கும் தெரியும். மகனத் தனியாக் கூட்டிட்டுப் போய், 'அண்ணா, அவர் சொன்னது முடியாதுன்னு'ன்னு விளக்க வேண்டியதாப் போச்சு.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. 'வி நீட் டு டேக் திஸ் சீரியஸ்லி'ன்னு டாக்டர் சொன்னத, ஒரு அம்மா அப்படியே ஊருக்குப் போன் போட்டு 'டாக்டர் சீரியஸ்ங்கிறார்'ன்னு சொல்லிட்டாங்க. நம்ம ஊர்ல 'சீரியஸ்'னா அர்த்தம் ஒண்ணுதான். கார் புடிச்சு உடனே வா. மறுநாள் திருச்சில இருந்து மூணு பேர் டிக்கெட் போட்டுட்டாங்க. சர்க்கரை கூடியிருந்தது, அதான் விஷயம்.


என்பி_கடினம் | செவ்வாய், மாலை 4.30

'சீரியஸ்' பற்றி ஒரு சின்னச் சேர்க்கை. அமெரிக்க ஆஸ்பத்திரிகள் பத்திரிகைக்குச் செய்தி சொல்லும்போது நோயாளியின் நிலையைக் குட், ஃபேர், சீரியஸ், கிரிட்டிக்கல் என்று வரிசைப்படுத்துவார்கள். அங்கே சீரியஸுக்குக் கீழே இன்னொரு படி இருக்கிறது. நம் ஊரில் சீரியஸ்தான் கடைசிப் படி, அதைத் தாண்டினால் சங்கு.


பழைய_பேப்பர் | செவ்வாய், இரவு 8.05

செவிலி சொன்ன பேனாக் கதையைப் படித்ததும் எனக்கு இம்ஜின் ஆறு ஞாபகம் வந்தது.

1951 ஏப்ரல், கொரியப் போர். பிரிட்டிஷ் படையின் குளோஸ்டர்ஷையர் பட்டாளத்தைச் சீனப் படை வளைத்துக்கொண்டது. பிரிட்டிஷ் பிரிகேடியர் தாமஸ் பிராடி, தன் மேலதிகாரியான அமெரிக்க ஜெனரலிடம் வயர்லெஸில் நிலைமையை விளக்கும்போது 'எ பிட் ஸ்டிக்கி' என்று சொன்னதாக அந்தப் போரைப் பற்றி எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அமெரிக்கர் காதில் அது 'கொஞ்சம் சிரமம், சமாளிக்கிறோம்' என்று விழுந்திருக்கிறது. பிராடி சொல்ல வந்தது 'தொலைந்தோம்' என்பது. உதவி சேரவில்லை, பின்வாங்கவும் நேரமில்லாமல் போயிற்று. பட்டாளத்தில் பெரும்பாலோர் செத்தார்கள், அல்லது சிறைப்பட்டார்கள். தப்பி வந்தவர்கள் சொற்பம். இருவரும் ஆங்கிலம் பேசியவர்கள்தான்.

ஆகவே தாழ்வாரம் அம்மா, எந்தச் சொல் என்று கேட்பதற்கு முன்னால் வாய் யாருடையது என்று பாருங்கள். இங்கிலாந்துக்காரன் 'எ பிட்' என்ற ஒட்டைச் சேர்த்தால், அதைக் கழித்துவிட்டு இரண்டால் பெருக்க வேண்டும். 'இன்ட்ரஸ்டிங் கொஸ்டின்' என்று சொன்னால், பெரும்பாலும் கேள்வியில் அவருக்கு ஆர்வம் இல்லை என்றே பொருள். நான் முப்பது வருஷம் செய்தி மேசையில் உட்கார்ந்து ஏஜென்சி ஆங்கிலத்தைத் தமிழாக்கியவன். இதில் எத்தனை முறை ஏமாந்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை, எண்ணவும் பயம்.

நாங்கள் மேசையில் பண்ணிய தப்பிலேயே பெரிய தப்பு 'தி ஐரிஷ் கொஸ்டின்'. ஒரு பயிற்சி நிருபர் அதை 'ஐரிஷ் கேள்வி' என்று எழுதிக் கொடுத்தான், அது அச்சாகியும் விட்டது. மறுநாள் ஒரு வாசகர் கார்டு போட்டார்: 'கேள்வியைப் போட்டீர்கள், சரி. பதிலை எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள்?'

19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் தீராத அரசியல் வழக்குக்கெல்லாம் 'கொஸ்டின்' என்றே பெயர். ஈஸ்டர்ன் கொஸ்டின், ஐரிஷ் கொஸ்டின், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் கொஸ்டின். கடைசியாகச் சொன்னது டென்மார்க்குக்கும் ஜெர்மானியர்களுக்கும் நடுவே இரண்டு சிற்றரசுகள் யாருக்கு என்ற தகராறு. அதை மூன்றே பேர்தான் புரிந்துகொண்டார்களாம். ஒருவர் விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னொருவர் ஒரு ஜெர்மன் பேராசிரியர், அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மூன்றாமவர் நான், எனக்கு மறந்துவிட்டது! பிரதமர் பாமர்ஸ்டன் சொன்னதாக வழங்கும் நகைச்சுவை இது. அவர் அப்படியே சொன்னாரோ இல்லையோ, கேள்வியின் கனத்தை இதைவிட நன்றாகச் சொன்னவர் இல்லை.


சுண்டெலி | செவ்வாய், இரவு 8.20

அய்யா, வெள்ளைக்காரன் எல்லாத்தையும் அமுக்கிச் சொல்றான்னு சொல்றீங்க. எங்க ஆபீஸ் அமெரிக்கன் மேனேஜர் நேர் உல்டா. கேண்டீன் எத்தனை மணிக்குத் திறக்கும்னு கேட்டாக்கூட 'தட்ஸ் எ கிரேட் கொஸ்டின்!' அப்ப நிஜமாவே கிரேட்டான கேள்விக்கு என்ன சொல்லுவான்?


என்பி_கடினம் | செவ்வாய், இரவு 11.10

ஒன்றும் சொல்ல மாட்டான் தம்பி. ரெண்டு செகண்ட் பேச்சிருக்காது. 'கிரேட் கொஸ்டின்' என்பது யோசிக்க நேரம் வாங்குகிற 'வந்து...' மாதிரி. நான் நியூஜெர்சியில் பதினாலு வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டும், கொஞ்ச காலமாக நானே சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். மொழி ஒட்டிக்கொள்ளும், என்ன செய்வது.

எங்கள் தொழிலில் நிஜமான கஷ்டத்துக்கு வேறொரு சொல்: 'நான்-ட்ரிவியல்'. கணக்குக்காரர்களிடமிருந்து வந்தது. 'ட்ரிவியல்' என்றால் சொல்லவே தேவையில்லாத சுலபம், அது அல்லாதது எல்லாம் நான்-ட்ரிவியல். புதிதாக வந்த சமயம் ஒரு சீனியர் 'இட்ஸ் நான்-ட்ரிவியல், பட் டூவபிள்' என்றார். ஒரு வாரத்தில் முடியும் என்று நம்பினேன். எட்டு மாதம் ஆயிற்று.

இந்த இழையில் சொல்லியே ஆகவேண்டிய கதை ஒன்று உண்டு. என் பெயரே அதிலிருந்து எடுத்ததுதான். 'கஷ்டமான கேள்வி'க்கு எந்தச் சொல்லைப் பிடிப்பது என்று கம்ப்யூட்டர் விஞ்ஞானிகள் ஓட்டெடுப்பே நடத்தியிருக்கிறார்கள். நிஜமாக.

ஒரு விற்பனையாளர் 10 ஊர்களுக்குப் போய்த் தொடங்கிய ஊருக்கே திரும்ப வேண்டும். எந்த வரிசையில் போனால் தூரம் குறையும்? மொத்தம் 1,81,440 சுற்றுகள் உண்டு, கம்ப்யூட்டர் கண்மூடித் திறப்பதற்குள் எல்லாவற்றையும் பார்த்துவிடும். ஊர்களை 20 ஆக்குங்கள், அறுநூறு கோடிக் கோடிச் சுற்றுகள். இந்த வகைக் கணக்குகள் பல, ஒன்றுக்கொன்று உடன்பிறப்பு. ஒன்றுக்குச் சுலப வழி கிடைத்தால் கூட்டத்துக்கே கிடைத்த மாதிரி. 1971இல் ஸ்டீபன் குக், அடுத்த வருஷம் ரிச்சர்ட் கார்ப் இதைக் காட்டிவிட்டார்கள். கூட்டத்துக்குப் பெயர்தான் இல்லை.

டொனால்ட் க்னூத் பெயர் விஷயத்தில் ரொம்பக் கறார். சக ஆராய்ச்சியாளர்களுக்கு வாக்குச்சீட்டு அனுப்பினார். அவர் முன்வைத்தவை மூன்று: ஹெர்குலியன், ஃபார்மிடபிள், ஆர்டியஸ். அசுர, அச்சுறுத்துகிற, பாடுபடுத்துகிற என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றும் தோற்றுப்போயின. ஆளாளுக்குச் சொந்தச் சரக்கை எழுதி அனுப்பினார்கள். ஒருவர் 'ஹார்ட்-பாயில்ட்' என்றார். நன்றாக வெந்த முட்டை, ஏனென்றால் குக் என்றால் சமையல்காரர்! ஷென் லின் 'பெட்' என்று ஒன்று அனுப்பினார். 'பிராபப்ளி எக்ஸ்பொனென்ஷியல் டைம்', அதாவது அநேகமாக நேரம் மடங்கு மடங்காகப் பெருகும் என்பதன் சுருக்கம். கஷ்டம்தான் என்று நிரூபணமானால் முதல் சொல்லைப் 'புரூவப்ளி' ஆக்கிக்கொள்ளலாம், சுலபம் என்று தெரியவந்தால் 'ப்ரீவியஸ்லி' ஆக்கிக்கொள்ளலாம். எது நடந்தாலும் பெயர்ப்பலகையை மாற்ற வேண்டாம். இந்தச் சாமர்த்தியத்துக்கே ஜெயித்திருக்க வேண்டும், ஜெயிக்கவில்லை.

கடைசியில் நின்றது பெல் லேப்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சிக்கூடத்தின் பக்கமிருந்து வந்த 'என்பி-கம்ப்ளீட்', கூடவே 'என்பி-ஹார்ட்'. க்னூத் 1974இல் முடிவை வெளியிட்டார். கவனியுங்கள், அத்தனை கம்பீரமான லத்தீன், கிரேக்கச் சொற்களையும் தள்ளிவிட்டு 'ஹார்ட்' என்கிற நாலெழுத்து நாட்டுச் சொல் வந்து உட்கார்ந்துவிட்டது. மனித உணர்வு எப்படி உண்டாகிறது என்பதற்குத் தத்துவ அறிஞர் டேவிட் சாமர்ஸ் 1995இல் வைத்த பெயரும் 'ஹார்ட் ப்ராப்ளம்'தான். உச்சியில் இருக்கிற கஷ்டத்துக்கு ஆங்கிலத்தில் இருக்கிற மிகச் சின்னச் சொல்.

இன்னொன்று, தாழ்வாரத்துக்குப் பயன்படும். 1973இல் பெர்க்லியில் ஹார்ஸ்ட் ரிட்டல், மெல்வின் வெபர் என்று இருவர், நகரத் திட்டமிடலில் வருகிற தீராத பிரச்சினைகளுக்கு 'விக்கட் ப்ராப்ளம்' என்று பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார்கள். சேரியை எங்கே மாற்றுவது, சாலையை எதன் குறுக்கே போடுவது மாதிரியானவை. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கிளம்பும், சரி தப்பு என்று அடித்துச் சொல்லவும் முடியாது. இதை 'தீய பிரச்சினை' என்று ஒரு தமிழ்ப் பாடக்குறிப்பில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். நம்மிடம் 'பொல்லாத' இருக்கிறதே! பொல்லாத பிள்ளை என்றால் கெட்ட பிள்ளை இல்லை, கைக்கு அடங்காத பிள்ளை. அச்சு அசல் அதுதான்.


கருப்புக்கோட்டு | புதன், காலை 7.30

கோர்ட்டுக்குக் கிளம்புவதற்குள் எழுதிவிடுகிறேன்.

'லீடிங் கொஸ்டின்' என்றால் கடுமையான கேள்வி என்று பாதிப்பேர், படித்தவர்களும் சேர்த்துத்தான், நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிடையாது. 1872ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டம் 141ஆம் பிரிவிலேயே விளக்கம் கொடுத்துவிட்டது: கேட்கிறவர் என்ன பதிலை எதிர்பார்க்கிறாரோ அதைக் கேள்வியே சொல்லிக்கொடுத்தால் அது லீடிங். 'நீ பஸ் ஸ்டாண்டில் யாரைப் பார்த்தாய்?' என்பது கேள்வி. 'பஸ் ஸ்டாண்டில் சிவப்புச் சட்டைக்காரனைப் பார்த்தாய் இல்லையா?' என்பது லீடிங். சாட்சிக்கு இதைவிடச் சுலபமான கேள்வி இருக்க முடியாது, தலையை ஆட்டினால் போதும். அதனால்தான் நம் சாட்சியிடம் நாம் அப்படிக் கேட்டால் எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். குறுக்கு விசாரணையில் கேட்கலாம். புதுச் சட்டம் வந்தபின் பிரிவு எண் மாறியது, விஷயம் மாறவில்லை.

'வெக்ஸ்ட் கொஸ்டின்' லத்தீனிலிருந்து வந்தது. 'வெக்ஸாரே' என்றால் பிடித்து உலுக்குதல், அலைக்கழித்தல். ஆகவே 'எரிச்சலூட்டும் கேள்வி' என்று போடாதீர்கள். பலர் கையில் அகப்பட்டு அலசி அலசிச் சாயம் போன கேள்வி.

'மூட்' பற்றி ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்தில் 'மூட் பாயிண்ட்' என்றால் வாதத்துக்கு இடமுள்ள விஷயம். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குச் சபை, கூட்டம் என்று பொருள். சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் 'மூட் கோர்ட்' போவது அந்த வழியில் வந்ததுதான். அமெரிக்காவில் அதே சொல்லுக்கு, இனி வாதிட்டுப் பிரயோஜனமில்லாத விஷயம் என்று பொருள். 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு டிஃபூனிஸ் என்ற மாணவரின் வழக்கு வந்தது. சட்டக் கல்லூரியில் இடம் கேட்டுப் போட்ட வழக்கு. கீழ்க்கோர்ட் உத்தரவில் சேர்ந்து, விசாரணைக்கு வருவதற்குள் கடைசி டெர்முக்கே வந்துவிட்டார். 'மூட்' என்று சொல்லி முடித்துவைத்தார்கள். நம் கோர்ட்டில் இதற்கு 'இன்ஃப்ரக்சுவஸ்' என்போம். லண்டன்காரரிடம் சொன்னால் முழிப்பார். நம் ஆங்கிலப் பத்திரிகைகள் 'தி மூட் கொஸ்டின் இஸ்' என்று எழுதுவது மூன்றாவது ரகம், 'முக்கியக் கேள்வி' என்ற அர்த்தத்தில். அது எந்த நாட்டு ஆங்கிலம் என்று எழுதுகிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கனமான கேள்விக்கு எங்கள் பக்கம் உள்ள சொல் 'சப்ஸ்டான்ஷியல் கொஸ்டின் ஆஃப் லா'. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 100ஆம் பிரிவில், அது இல்லாமல் இரண்டாம் மேல்முறையீட்டுக்கு வாசலே திறக்காது. பலர் கஷ்டமான கேள்வி என்று நினைத்துப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். உச்ச நீதிமன்றம் 1962இல் சுனிலால் மேத்தா வழக்கில் வைத்த அளவுகோலில் கஷ்டம் மட்டும் போதாது. பொது முக்கியத்துவம் உண்டா, அல்லது கட்சிக்காரரின் உரிமையை நேரடியாகத் தொடுகிறதா? தொட்டால், ஏற்கனவே முடிவாகாத கேள்வியா, அல்லது சிரமம் உள்ளதா, மாற்றுக் கருத்துகளை அலச வேண்டியதா? எவ்வளவு கஷ்டமான கேள்வியானாலும் முன்பே தீர்த்துவைத்திருந்தால் அது சப்ஸ்டான்ஷியல் இல்லை.

மணியாயிற்று.


மெல்பேர்ண்_மாமா | புதன், காலை 10.45

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான்.

நான் இஞ்ச வந்து முப்பது வருஷம். வந்த புதுசிலை ஒரு ஃபக்டரியிலை வேலை. சூப்பர்வைசர் ஒரு நாள் பக்கத்திலை வந்து, 'ஐ காட் எ கேர்ளி வன் ஃபோர் யூ, மேட்' எண்டார். கேர்ளி எண்டால் சுருட்டை மயிர் எண்டுதான் எனக்குத் தெரியும். எனக்கு அப்பவே வழுக்கை. பகிடி பண்ணுறார் எண்டு நினைச்சு நாள் முழுக்க அவரோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை. பிறகுதான் விளங்கினது, 'கேர்ளி கொஸ்டின்' எண்டால் இஞ்சத்தை ஆக்களுக்கு நெளிஞ்சு வளைஞ்சு வாற கேள்வி, நேரை மறுமொழி சொல்லேலாத கேள்வி எண்டு. பாவம் மனிசன், ஏதோ ஷிஃப்ட் மாத்துறதைப் பற்றிக் கேக்க வந்தவர்.

இன்னொரு வடிவான சொல்லும் இருக்கு. பாராளுமன்றத்திலை ஆளுங்கட்சிக்காரரே எழும்பி, தன்ரை அமைச்சரைப் பார்த்து 'உங்கடை திட்டம் எவ்வளவு நல்லது எண்டு சொல்லுவீங்களா?' எண்டு கேப்பார். முன்கூட்டியே எழுதிக் குடுத்த கேள்வி. அதுக்கு 'டொரதி டிக்ஸர்' எண்டு பேர். டொரதி டிக்ஸ் எண்டது ஒரு அமெரிக்க அம்மாவின்ரை புனைபெயர், பேப்பரிலை குடும்ப ஆலோசனை எழுதினவ, 1951இலை மோசம் போனவ. வாசகர் கேள்வியளைத் தானே எழுதித் தானே பதில் சொன்னவ எண்டு ஒரு கதை அடிபட்டது. அமெரிக்காவிலை அந்தப் பேர் மறந்துபோச்சு. இஞ்ச பாராளுமன்றம் நடக்கிற நாளெல்லாம் அவவை இழுக்கினம்.

கிரிக்கெட் நாடெண்டால் எதிர்பாராத கேள்வி 'கூக்ளி', அமெரிக்கன் எண்டால் 'கேர்வ்பால்'. சுகமான கேள்வி அவங்களுக்கு 'சாஃப்ட்பால்'. பந்தை மாத்தினால் அவங்களுக்கு விளங்காது. பழைய_பேப்பர் அண்ணை சொன்ன 'ஸ்டிக்கி' கூட இஞ்சத்தை ஆக்களுக்கு உடனை 'ஸ்டிக்கி விக்கெட்'டைத்தான் ஞாபகப்படுத்தும். மழையிலை நனைஞ்சு காயிற பிட்ச், பந்து எங்கை திரும்பும் எண்டு கடவுளுக்குத்தான் தெரியும்.


சுண்டெலி | புதன், பகல் 1.10

மாமா செம. நான் வம்புக்குத்தான் வந்தேன், இப்ப ஒக்காந்து படிச்சிட்டிருக்கேன்.

ஆனா ஒரு கேள்வி. நம்மகிட்ட மட்டும் கம்மியா என்ன? நாக்கப் புடுங்கற மாதிரி கேள்வி, கிடுக்கிப்பிடிக் கேள்வி, மடக்குற கேள்வி, ஏடாகூடமான கேள்வி, குதர்க்கமான கேள்வி, வில்லங்கமான கேள்வி. அதுலயும் வில்லங்கம் இருக்கே, பத்திரப்பதிவு ஆபீஸ்ல சான்றிதழே குடுக்கிறான்! 'லோடட் கொஸ்டின்'னு ஒண்ணு சொல்லுவானே, 'பொண்டாட்டிய அடிக்கறத நிறுத்திட்டியா?' மாதிரி. ஆமான்னாலும் மாட்டுவ, இல்லன்னாலும் மாட்டுவ. அதுக்கு வில்லங்கமான கேள்விதான் கரெக்ட்டு. வெளியில பாத்தா சும்மா மனை மாதிரி இருக்கும், உள்ள போனா எவனோ அடமானம் வெச்சிருப்பான்.


தாழ்வாரம் | புதன், மாலை 5.20

சுண்டெலி, உன் பட்டியலைப் பார்த்ததும்தான் எனக்கு எங்கே தடுக்கியது என்று தெரிந்தது. நீ சொன்ன ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் நிற்கிறான். யாரோ மடக்குகிறான், யாரோ கிடுக்கியால் பிடிக்கிறான், யாரோ நாக்கைப் பிடுங்குகிறான். கேள்வி கஷ்டமாக இருந்தால் கேட்டவன் மேல்தான் நம் கண் போகிறது. சின்ன வயதில் வகுப்பில் எழுந்து ஏதாவது கேட்டால் 'அதிகப்பிரசங்கி' என்று உட்கார வைப்பார்களே, அந்த மாதிரி. நான் 'தந்திரமான' என்று போட்டதும் அந்தப் பழக்கத்தில்தான். அவர்களுடைய தார்னி, நாட்டி, கேர்ளி எல்லாம் முள், முடிச்சு, சுருள். கேள்வியின் உடம்பைப் பற்றிப் பேசுகிறார்கள், கேட்டவரை விட்டுவிடுகிறார்கள்.


பழைய_பேப்பர் | புதன், இரவு 9.00

அழகாக இருக்கிறது, ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன் அம்மா. லோடட், லீடிங், பாயிண்டட் எல்லாம் அவர்களும் கேட்டவரைச் சுட்டுவதுதான். நம்முடைய 'சிக்கலான', 'இடியாப்பச் சிக்கல்', 'முடிச்சு' எல்லாம் கேள்வியின் உடம்புதான். சொல் இரண்டு பக்கமும் இருக்கிறது. எது முதலில் வாயில் வருகிறது என்பதில் வேண்டுமானால் நீங்கள் சொல்வது நிற்கும்.

அவர்கள் கஷ்டத்தைப் பணத்தாலும் அளந்திருக்கிறார்கள். 1940இல் அமெரிக்க ரேடியோவில் 'டேக் இட் ஆர் லீவ் இட்' என்றொரு வினாடி வினா. முதல் கேள்விக்கு 1 டாலர், பிறகு 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஏழாவது கேள்விக்கு 64. நடுவில் வாங்கிக்கொண்டு போய்விடலாம். போகாமல் அடுத்த கேள்விக்குத் துணிந்தால் கூட்டம் 'வருத்தப்படப் போறே!' என்று கத்தும். அங்கிருந்து, யாருக்கும் விடை தெரியாத முக்கியமான கேள்விக்கு '64 டாலர் கேள்வி' என்று பெயர் வந்தது. 1955இல் டெலிவிஷனுக்கு வந்தபோது 64,000 ஆயிற்று. அப்புறம் மில்லியன். நம் பத்திரிகைகளில் இப்போது அடிக்கொரு தரம் வருகிற 'மில்லியன் டாலர் கேள்வி' அந்த 64இன் பேரன். மழை வருமா என்பதற்குக்கூட மில்லியன் டாலர் போடுகிறார்கள். நான் இருந்திருந்தால் அடித்திருப்பேன்.

ஐரிஷ் கேள்வி என்று எழுதிய பையனுக்கு நான் அன்று சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். தமிழில் 'ஐரிஷ் பிரச்சினை' என்று போட வேண்டும், காவிரிப் பிரச்சினை என்கிற மாதிரி. பையன் கேட்டான், 'கொஸ்டின் எப்படி சார் பிரச்சினையாகும்?' யோசித்துப் பார்த்தால், பிரச்சினை என்பதே வடமொழி 'பிரச்ன'தான். அங்கே அதற்குப் பொருள் கேள்வி. கேள்வியை வாங்கி வந்து தொல்லை என்று வைத்துக்கொண்டது நாம். மலையாளத்திலும் அப்படித்தான். நம் சொந்தச் சொல்லான 'கேள்வி'யோ, வள்ளுவரிடம் போனால் காதால் கேட்டுப் பெறும் அறிவு. 42ஆம் அதிகாரமே அந்தப் பெயரில் இருக்கிறது, அதில் கேட்பது என்றால் வினவுவது அல்ல, செவி கொடுப்பது.


செவிலி_லெஸ்டர் | வியாழன், காலை 6.50

நைட் டியூட்டி முடிஞ்சு பஸ்ல படிச்சிட்டு வர்றேன். தாழ்வாரம், கடைசில என்னதான் போட்டீங்க?


தாழ்வாரம் | வியாழன், காலை 10.15

'லேசில் சொல்ல முடியாது' என்று போட்டேன். 'கேள்வி'யையே தூக்கிவிட்டேன். அந்தம்மா மேலே பார்த்து மூச்சு உறிஞ்சுகிற இடத்தில் வரி சரியாகப் பொருந்துகிறது, யாரையும் திட்டவும் இல்லை. ஒப்புதல் வந்துவிட்டது.

இரண்டாம் பாகம் இன்று காலை வந்திருக்கிறது. முதல் வரியிலேயே ஒருவர் அந்தம்மாவின் ஆராய்ச்சியை 'குவைட் குட்' என்கிறார். ரொம்ப நன்று என்கிறாரா, சுமார் என்கிறாரா?


செவிலி_லெஸ்டர் | வியாழன், காலை 10.22

பேசுறது யாரு? இங்கயா, அமெரிக்காவா? இங்கன்னா சுமார். அங்கன்னா ரொம்ப நல்லா இருக்கு.


தாழ்வாரம் | வியாழன், காலை 10.31

பிறந்தது யார்க்ஷையராம், வேலை பார்ப்பது முப்பது வருஷமாக டெக்சாஸில்.


சுண்டெலி | வியாழன், காலை 10.32

அக்கா, பேனாவ மூடுறாரா பாருங்க.